தண்டவாளம் போன இடத்துல சைக்கிள்: இங்கிலாந்துல கார் வராத பாதைகள் எப்படி வந்துச்சு, ஏன் பாதியிலயே நிக்குது

இங்கிலாந்து கிராமப்பக்கம் சைக்கிள்ல டூர் போகணும், ஆனா கார் வராத பாதையிலதான் போகணும்னு சொன்னா நிறைய பேர் உடனே கேக்கறது, "அங்க ரோடெல்லாம் காலியாத்தானே கிடக்கும், அப்புறம் எதுக்கு தனியா பாதை தேடறீங்க?" நியாயமான கேள்விதான், போட்டோல பாத்தா அப்படித்தான் தெரியும், ரெண்டு பக்கமும் பச்சை வேலி, நடுவுல ஒரு கார் மட்டும் போற அளவுக்கு ஒல்லியா ஒரு ரோடு, தூரத்துல சர்ச் கோபுரம். ஆனா ஊர் எல்லையைத் தாண்டினதும் வெள்ளை வட்டத்துல குறுக்க கறுப்புக் கோடு போட்ட ஒரு போர்டு நிக்கும் பாருங்க, அந்த மாதிரி ரோட்ல அதுக்கு அர்த்தம் வண்டி 60 மைல் வேகம் வரைக்கும் போகலாம்ங்கறது, அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர். வேலி ஆள் உயரத்துக்கு மேல நிக்கும், வளைவுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் வருதா, கூரியர் வேன் வருதான்னு தெரியாது, ஒதுங்கி நிக்க ஓரமும் கிடையாது. சில கவுன்சில்கள் (உள்ளூர் நிர்வாகம்) 'அமைதி ரோடு'ன்னு போர்டு வைக்கும், 2000-ல வந்த ஒரு சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது, ஆனா போர்டு வெச்சதால மட்டும் வேக வரம்பு தானா குறையாது. தனியா போற அனுபவசாலிக்கு இது பரவாயில்லைன்னு வெச்சுக்கலாம், எட்டு வயசுப் பொண்ணு முன்னால ஓட்டிட்டுப் போகுதுன்னா நெஞ்சு பதைக்கும், நான் அனுபவிச்சிருக்கேன்.

அப்போ கார் வராத பாதை எங்க இருக்கு? கிராமப்புறத்துல அது பெரும்பாலும் மூணு வழியில வந்தது: மூடிப்போன ரயில் லைன், கால்வாய்க் கரை, குதிரைப்பாதை. இந்த மூணுமே சைக்கிளுக்காகப் போட்டது இல்லை, வேற யாருக்கோ வேற வேலைக்காகப் போட்டு, அந்த வேலை போன பிறகு மிச்சமா நின்னது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டா மத்ததெல்லாம் தானா புரியும், ஏன் ஒரு பாதை அவ்வளவு சமதளமா இருக்கு, ஏன் திடீர்னு ஒரு வயல் ஓரத்துல முடிஞ்சு போகுது, ஏன் மேப்ல நீளமா தெரியற ரூட்டு நேர்ல போனா துண்டு துண்டா இருக்கு, எல்லாத்துக்கும் பதில் அங்கதான் இருக்கு.

ரயில்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா பெரிய பங்கு அதுதான். 1963-ல ரிச்சர்ட் பீச்சிங்னு பிரிட்டிஷ் ரயில்வே போர்டோட சேர்மன் ஒரு அறிக்கை கொடுத்தாரு, நஷ்டத்துல ஓடற லைனை மூடணும்னு. அவர் லிஸ்ட்ல இருந்தது 2,363 ஸ்டேஷன், சுமார் 5,000 மைல் லைன். அதுக்கு முன்னாலயே மூடல் நடந்துட்டுதான் இருந்துச்சு, இந்த அறிக்கைக்கு அப்புறம் வேகம் பிடிச்சுது, பத்து வருஷத்துக்குள்ள எத்தனையோ சின்ன ஊர்ல ரயில் சத்தமே இல்லாம போச்சு. அந்த ஊர்க்காரங்களுக்கு அது பெரிய இழப்பு, ரயில் இல்லாததால பஸ், பஸ்ஸும் குறைஞ்சதால கார்னு போனதுதான் இன்னைக்கு அந்த ஒல்லி ரோட்ல இவ்வளவு வண்டி வர்றதுக்கும் ஒரு காரணம்.

ஆனா தண்டவாளத்தைப் பிரிச்சு எடுத்த பிறகு கீழ ஒரு அருமையான பொருள் நின்னுது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்து மேல ஓடும்போது பிடிப்பு ரொம்பக் குறைவு, கொஞ்சம் மேடுன்னாலே நீராவி இன்ஜின் வழுக்கும், மூச்சுத் திணறும். அதனால போன போன நூற்றாண்டுல லட்சக்கணக்கான கூலியாட்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமா மலையை வெட்டிப் பள்ளம் போட்டு, பள்ளத்தாக்கை மண் கொட்டி நிரப்பி, முடியாத இடத்துல சுரங்கம் குடைஞ்சு, பாலம் கட்டி, எல்லா ஏத்தத்தையும் நீவி விட்டாங்க. 50 அடி போனா 1 அடி ஏறுதுன்னா அது ரயிலுக்குக் கொடூரமான ஏத்தம், டிரைவர்கள் பயந்து பேசற ஏத்தம். அதே ஏத்தம் சைக்கிளுக்கு ஒண்ணுமே இல்லை, கியரை ஒண்ணு ரெண்டு இறக்கிட்டு பேசிட்டே ஏறிடலாம். கேரியர்ல ரெண்டு பக்கமும் பை, கூடாரம், சமையல் அடுப்புன்னு இருபது கிலோ சுமந்துட்டு போற ஆளுக்கு இந்த சமதளம் எவ்வளவு பெரிய கொடைன்னு ஒரு நாள் சாதாரண கிராம ரோட்ல மேடு மேடா ஏறிப் பாத்தாத்தான் தெரியும், ஏன்னா அந்த ரோடெல்லாம் மாட்டு வண்டிக் காலத்து ரோடு, மலை எப்படி இருக்கோ அப்படியே ஏறி அப்படியே இறங்கும்.

அந்த நிலத்தை மொத்தமா காப்பாத்தி வெச்சிருந்தா இன்னைக்கு இங்கிலாந்து முழுக்க ஒரு வலை மாதிரி சமதளப் பாதை கிடைச்சிருக்கும். அது நடக்கலை. லைனை மூடின பிறகு நிலத்தைத் துண்டு போட்டு வித்தாங்க, பக்கத்து வயல்காரருக்குக் கொஞ்சம், வீடு கட்டறவங்களுக்குக் கொஞ்சம், கவுன்சிலுக்குக் கொஞ்சம். பாலத்து இரும்பைப் பழைய இரும்புக்குக் கழட்டினாங்க. முன்னாலயே யோசிச்சவங்க சில பேர்தான், டெர்பிஷயர்ல பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காக்காரங்க 1967-ல மூடின லைனை வாங்கி 1971-லயே திறந்துட்டாங்க, அதுதான் டிஸ்ஸிங்டன் டிரெயில், ஆஷ்போர்ன்ல இருந்து பார்ஸ்லி ஹே வரைக்கும் 13 மைல். ஒரே ஆபீஸ், ஒரே முடிவு, நிலம் கைமாறறதுக்கு முன்னால வாங்கினது, அதனால அந்தப் பாதை இன்னைக்கும் முழுசா இருக்கு.

மத்த இடத்துல பாதை வந்தது ஆபீஸ்ல இருந்து இல்லை, பிரிஸ்டல்ல ஒரு சின்னக் கூட்டத்துல இருந்து. 1977-ல அந்த ஊர் சைக்கிள்காரங்க சேர்ந்து 'சைக்கிள்பேக்'னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க, ஜான் கிரிம்ஷான்னு ஒரு சிவில் இன்ஜினியர் அதுல முக்கியமான ஆளு. பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் நடுவுல ஒரு பழைய ரயில் லைன் மூடிக் கிடந்துச்சு. 1979-ல தன்னார்வலர்கள் மம்மட்டியும் கையுமா இறங்கி முதல் துண்டைப் போட்டாங்க, 1986-ல மொத்தம் 13 மைலும் முடிஞ்சுது. மூணு மீட்டர் அகலம், தார் போட்டது. இந்த அகலமும் தாரும்தான் அதை வெறும் ஞாயித்துக்கிழமைப் பாதையா இல்லாம தினப்படி பாதையா மாத்துச்சு, காலையில ஆபீஸ் போறவங்க, ஸ்கூல் போற பசங்க, தள்ளுவண்டியில குழந்தையைத் தள்ளிட்டு நடக்கறவங்க, அவங்களுக்கு நடுவுல பெரிய பை கட்டின டூர்காரங்கன்னு எல்லாரும் அதுலதான். ஸ்டேப்பிள் ஹில்ல ஒரு சுரங்கம், மேங்காட்ஸ்ஃபீல்ட்ல கூரை இல்லாம நிக்கற பழைய ஸ்டேஷன் சுவரு, வார்ம்லில டீ, பிட்டன்ல பக்கத்துலயே ஒரு பழைய நீராவி ரயில் புகை விட்டுட்டு நம்ம கூட வரும், அப்புறம் ஏவன் ஆறு, திரும்பத் திரும்பப் பாலத்துல தாண்டிட்டே பாத் வந்து சேரலாம். அந்தக் குழுதான் பின்னால சஸ்டிரான்ஸ்னு நாடு முழுக்கத் தெரிஞ்ச அமைப்பா வளர்ந்துச்சு.

பாத் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அங்கிருந்து தெக்கால சாமர்செட் அண்ட் டார்செட்னு ஒரு லைன் போச்சு, 1966 மார்ச்ல மூடினாங்க. அந்த லைன் ஊரை விட்டு ஏறும்போது முன்னால சொன்ன அதே 50-க்கு 1 ஏத்தம், அது முடியற இடத்துல டெவன்ஷயர் சுரங்கம், கொஞ்ச தூரம் மரத்தடியில போனா கூம் டவுன் சுரங்கம். ரெண்டாவது சுரங்கம் 1,672 மீட்டர், ஒரு மைலுக்கு மேல, காத்து போக ஒரு துளை கூட மேல கிடையாது. 1929 நவம்பர் 20-ம் தேதி ஒரு சரக்கு ரயில் இதுக்குள்ள ரொம்ப மெதுவா ஏறிட்டிருந்தப்போ புகை சூழ்ந்து டிரைவரும் கரி போடறவரும் மயங்கிட்டாங்க, ரயில் ஆளில்லாம வெளிய வந்து பாத் பக்கம் இறக்கத்துல வேகம் பிடிச்சு சரக்கு யார்டுல போய் மோதிச்சு, மூணு பேர் செத்தாங்க. அந்த சுரங்கத்தை ஊர்க்காரங்க வருஷக்கணக்கா பின்னால அலைஞ்சு, பணம் சேர்த்து, 2013 ஏப்ரல்ல சைக்கிளுக்கும் நடக்கறவங்களுக்கும் திறந்தாங்க.

முதல் தடவை எங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போனது ஜூன்ல, வெளிய நல்ல வெயில். வாசல்ல போய் நின்னதுமே சில்லுன்னு ஒரு காத்து முகத்துல அடிச்சுது, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த மாதிரி. "அப்பா, ஸ்வெட்டர் போட்டுக்கவா?"ன்னு கேட்டா, போட்டுக்க சொன்னேன். உள்ள போகப் போக வெளிச்சம் பின்னால ஒரு காசு அளவுக்குச் சுருங்கிடும், சுவர்ல வரிசையா சின்ன லைட்டு, கீழ தார் வழவழன்னு இருக்கு, மேல செங்கல்லுல இன்னும் கரிப்புகை படிஞ்ச கறுப்பு. நடுப்பகுதியில சுவத்துக்குள்ள இருந்து மெல்லிசா இசை வரும், நாம நகர நகர லைட்டும் கூட அசையும். எதிர்ல யாரோ பெல் அடிச்சா அது எங்க இருந்து வருதுன்னே புரியாது, முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணாக் கேக்கும். அவ அந்த ஒரு மைல் முழுக்க ஒரு வார்த்தை பேசலை, வெளிய வந்ததும் வெயில்ல கண்ணைச் சுருக்கிட்டு "திரும்பிப் போலாமா?"ன்னா.

அங்கிருந்து டக்கிங் மில்ங்கற இடத்துல ஒரு உயரமான பாலத்தைத் தாண்டினா மிட்ஃபோர்ட். இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே கண்ணுக்கு எதிர்ல நிக்குது. மிட்ஃபோர்ட்ல இருந்து அடுத்த நல்ல பாதை, அதாவது கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்க் கரை, ரொம்ப தூரம் இல்லை, சில மைல்தான். ஆனா அந்த சில மைல்ல ரோட்ல ஏறித்தான் ஆகணும், மேடும் இருக்கு, வண்டியும் வரும். பிரிஸ்டல்ல இருந்து இவ்வளவு தூரம் ஒரு காரைக் கூட ஒட்டி ஓட்டாம வந்த குழந்தை, வயசான ஆளு, சைக்கிள் இப்பதான் கத்துக்கிட்டவங்க, அவங்களுக்கு டூர் இங்கயே முடிஞ்சுது, இல்லைன்னா வந்த வழியே திரும்பணும். ஒரு பாதை எத்தனை மைல் நீளம்னு எல்லாரும் கேக்கறாங்க, நான் கேக்கறது நடுவுல எத்தனை இடத்துல விட்டுப்போகுது, அந்த இடத்துல ரோடு எப்படி இருக்குன்னு. 30 மைல் நல்ல பாதையில ரெண்டு மைல் மோசமா இருந்தா பயந்த ஆளுக்கு அது 30 மைல் பாதையே இல்லை.

கால்வாய்ல ஏறிட்டோம்னா மறுபடி நிம்மதி. இது ரயிலுக்கும் முந்தின சமாச்சாரம், 1810-ல முழுசா திறந்தது, ஜான் ரென்னின்னு ஒரு இன்ஜினியர் போட்டது, படகைக் குதிரையில கயிறு கட்டி இழுத்துட்டுப் போவாங்க, அந்தக் குதிரை நடந்த கரைதான் இன்னைக்கு நம்ம பாதை. ரயில் வந்து கால்வாயோட பொழைப்பைக் கெடுத்துச்சு, அப்புறம் கால்வாய் தூர்ந்து போச்சு, தன்னார்வலர்கள் பல வருஷம் தூர் வாரி 1990-ல மறுபடி படகு ஓட வெச்சாங்க. டண்டாஸ்ல கால்வாயே ஒரு கல் பாலத்து மேல ஏறி கீழ ஓடற ஆத்தைத் தாண்டுது, தண்ணிக்கு மேல தண்ணி, அதுக்குப் பக்கத்துல நாம சைக்கிள்ல. தண்ணி மட்டத்துல போறதால ஏத்தமே கிடையாது, லாக், அதாவது தண்ணியை நிரப்பியும் வடிச்சும் படகை மேல ஏத்தி இறக்கற கதவு வெச்ச தொட்டி, அது இருக்கற இடத்துல மட்டும் லேசா ஒரு ஏத்தம். டிவைசஸ் பக்கம் கேன் ஹில்ல அந்த லாக் 29 இருக்கு, ரெண்டு மைலுக்குள்ள, அதுல 16 ஒரே வரிசையா படிக்கட்டு மாதிரி மலை மேல ஏறும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தண்ணி சேத்து வைக்க ஒரு குளம். ஒரு படகு இதைத் தாண்ட அரை நாள் ஆகும், சைக்கிள்ல பத்து நிமிஷத்துல ஏறிடலாம், ஆனா ஏறாதீங்க, நின்னு நின்னு போங்க.

கரையில போறப்போ ஒரு மரியாதை வேணும். அது குதிரை ஒண்ணு நடக்கறதுக்குப் போட்ட அகலம், நடக்கறவங்களுக்குத்தான் முதல் உரிமை, பாலத்தடியில எதிர்ல வர்றவங்க தெரியவே மாட்டாங்க, பெல் அடிச்சு மெதுவாத்தான் போகணும். கரையோரம் படகுலயே குடித்தனம் பண்றவங்க நிறைய, விறகு, பூந்தொட்டி, நாய் எல்லாம் பாதையில இருக்கும். அவங்க வீட்டு வாசல்ல நாம போறோம்ங்கற நினைப்பு இருக்கணும்.

இனி நாடு முழுக்க என்ன ஆச்சுன்னு பாக்கலாம். 1995-ல லாட்டரிப் பணத்துல இருந்து சஸ்டிரான்ஸுக்கு 42.5 மில்லியன் பவுண்டு கிடைச்சுது, தேசிய சைக்கிள் வலைப்பின்னல்னு ஒண்ணு போட. 2000-ல 5,000 மைலோட அதைத் திறந்தாங்க, நீலப் போர்டுல சிவப்புக் கட்டத்துக்குள்ள வெள்ளை நம்பர், பிரிஸ்டல் பாத் பாதை அதுல 4-ம் நம்பர் ரூட்டோட ஒரு பகுதி. அப்புறம் பிரிட்டன் முழுக்க நீளம் ஏறிட்டே போச்சு, 2018-ல அவங்களே உக்காந்து கணக்குப் பாத்தப்போ 16,575 மைல். அதுல கார் வராத பாதை மூணுல ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் ரோடு, அதுல சிலது லாரி ஓடற ரோடு. எல்லாருக்கும் ஏத்த பாதைன்னு போர்டு வெச்சுட்டு லாரி பக்கத்துல ஓட்டச் சொல்றது தப்புன்னு ஒத்துக்கிட்டு 2020-ல கிட்டத்தட்ட கால்வாசியை வலைப்பின்னல்ல இருந்து கழட்டினாங்க, இல்லைன்னா அனுபவசாலிகளுக்கு மட்டும்னு மாத்தினாங்க. சொந்தமா சேத்து வெச்ச நீளத்தைத் தானே குறைச்சுக்கறது லேசுல வர்ற மனசு இல்லை, எனக்கு அவங்க மேல மதிப்பு கூடினது அப்பதான்.

ஒரு தடவை விட்ட நிலத்தைத் திரும்பப் பிடிக்கறது எவ்வளவு கஷ்டம்னா, 2021-ல கம்ப்ரியால கிரேட் மஸ்கிரேவ்னு ஒரு கிராமத்துல பழைய ரயில் லைனுக்கு மேல ரோடு போற பாலத்துக்கு அடியில கான்கிரீட்டைக் கொட்டி அடைச்சுட்டாங்க, பாலம் பலவீனம்னு காரணம் சொல்லி. பின்னால ஒரு நாள் அந்த வழியில ரயிலோ பாதையோ வரணும்னா அதோட முடிஞ்சுது. ஊர்க்காரங்க கொதிச்சாங்க, கொட்டின பிறகு கேட்ட அனுமதியைக் கவுன்சில் மறுத்துச்சு, 2023-ல கொட்டினதையெல்லாம் திரும்ப அள்ளி எடுத்தாங்க. அதே கம்ப்ரியால கெஸ்விக்ல இருந்து திரெல்கெல்ட் வரைக்கும் ஒரு மூணு மைல் ரயில் பாதை, 2015 டிசம்பர் புயல்ல ஆறு பெருகி பாலத்தையே தூக்கிட்டுப் போச்சு, சரி பண்ணித் திறக்க 2020 டிசம்பர் ஆச்சு. சரி பண்ணும்போது, ரோடு போட்ட காலத்துல மண்ணுல புதைஞ்சு போயிருந்த ஒரு பழைய சுரங்கத்தையும் தோண்டி எடுத்து பாதையில சேத்துட்டாங்க.

குதிரைப்பாதை பத்தி சுருக்கமா. இங்கிலாந்துல வயல் நடுவுல போற பொதுப்பாதை ஏராளம், ஆனா பெரும்பாலானது நடக்க மட்டும்தான், சைக்கிளுக்கு உரிமை கிடையாது. 1968-ல வந்த ஒரு சட்டம் குதிரைப்பாதையில சைக்கிள் போகலாம்னு சொல்லிச்சு, குதிரைக்கும் நடக்கறவங்களுக்கும் வழி விடணும்ங்கற நிபந்தனையோட. மொத்தப் பொதுப்பாதையில நமக்குத் திறந்தது ஐஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல, அதுவும் சைக்கிளுக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கணும்னு யாருக்கும் கடமை கிடையாது. மழைக்காலத்துல குதிரைக் குளம்பு மிதிச்ச சேத்துல பை கட்டின சைக்கிளைத் தள்ளிட்டுப் போறது டூர் இல்லை. பக்கத்துல ஸ்காட்லாந்துல 2003-ல சட்டத்தையே மாத்தி, பொறுப்பா நடந்துக்கிட்டா பெரும்பாலான நிலத்துல நடக்கலாம், ஓட்டலாம்னு ஆக்கிட்டாங்க, இங்க அந்தப் பேச்சு வந்தாலே நிலக்காரங்க எதிர்ப்பு.

இன்னொரு வருத்தமும் சொல்லணும், கேட். மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதுன்னு பல பாதை வாசல்ல ரெண்டு இரும்புக் கம்பியைச் சாய்ச்சு நட்டு வெச்சிருப்பாங்க, ஹேண்டில்பார் மட்டும் நுழையற அளவு. பை கட்டின சைக்கிள் அதுல சிக்கும், பையைக் கழட்டி அந்தப் பக்கம் வெச்சு, வண்டியைத் தூக்கி விட்டு, மறுபடி மாட்டணும். எனக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. எங்க தெருவுல ஒரு அம்மா, பக்கவாதம் வந்த பிறகு மூணு சக்கர சைக்கிள் ஓட்டறாங்க, ஒரு பாதையோட வாசல் வரைக்கும் ஆசையா வந்து இந்தக் கம்பியைப் பாத்துட்டு அப்படியே திரும்பினாங்க. மோட்டார் சைக்கிள் பசங்க பக்கத்து வேலி ஓட்டை வழியா எப்பவும் போல உள்ளதான் ஓட்டிட்டிருந்தாங்க.

போறதுக்கு முன்னால தெரிஞ்சுக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கு. இலையுதிர் காலத்துல இருந்து குளிர்காலம் முடியற வரைக்கும் மிஷின் வெச்சு வேலி வெட்டுவாங்க (பறவை கூடு கட்டற மாசத்துல வெட்ட மாட்டாங்க), வெட்டின ஹாத்தார்ன் முள்ளு பாதை முழுக்கச் சிதறும், ஒவ்வொண்ணும் தையல் ஊசி மாதிரி. ஒரு நவம்பர்ல ரெண்டு மைலுக்குள்ள மூணு பஞ்சர் போட்டேன், அதுல இருந்து கெட்டி டயரும் ரெண்டு ட்யூபும் இல்லாம கிளம்பறதில்லை. மலையை வெட்டின பள்ளத்துல பாதை எப்பவும் ஈரம், அழுகின இலை வழுக்கும், மண்மேட்டுல போற பாதை காஞ்சிருக்கும் ஆனா எதிர்காத்து பிச்சு எடுக்கும். பல ஸ்டேஷன் ஊருக்கு வெளியதான் இருந்துச்சு, அதனால பாதையில கடை வரும்னு நம்பி தண்ணி எடுக்காம போகாதீங்க. முதல் தடவை போறவங்க மே, ஜூன்ல போங்க, வெளிச்சம் ராத்திரி ஒம்பது மணிக்கு மேலயும் இருக்கும்.

இப்ப எங்க பக்கத்துல சாமர்செட் சர்க்கிள்னு ஒரு முயற்சி நடக்குது. பிரிஸ்டல், பாத், ரெண்டு சுரங்கம், ஷெப்டன் மேலட், வெல்ஸ், செடார், யாட்டன்னு சுத்தி வந்து மறுபடி பிரிஸ்டல், 76 மைல் வட்டம். அதுல செடார்ல இருந்து யாட்டன் வரைக்கும் 10 மைல் ஏற்கெனவே இருக்கு, ஒரு காலத்துல செடார் ஸ்ட்ராபெரி ஏத்திட்டுப் போன லைன், அதனால பேரே ஸ்ட்ராபெரி லைன். விட்டுப்போன இடத்தை வயல்காரர் வயல்காரரா போய்ப் பேசி, வேலியை நகர்த்தி, கல்லைக் கொட்டி, தன்னார்வலர்கள் துண்டு துண்டா சேத்துட்டு வர்றாங்க, ஒரு துண்டு சில நூறு மீட்டர்தான் இருக்கும். அந்த மாதிரி வேலை நடக்கற ஒரு சனிக்கிழமை நானும் போய் ஒரு தள்ளுவண்டி தள்ளினேன். சாயங்காலம் கல்லை மட்டம் பண்ணி முடிச்சப்போ நாங்க போட்டது நாப்பது மீட்டர், ஒரு பக்கம் பழைய ரயில் மேடு, இன்னொரு பக்கம் இன்னும் மாடு மேயற வயல்.